குறைந்த பிறேக் ஒயில் எங்கே போனது?

"தம்பி, பிறேக் ஒயில் குறைஞ்சா மேல ஊத்தி விடுறதுதான். மாத்துறதெண்டு இஞ்ச ஒருத்தரும் வாறேல்லை."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கிளிநொச்சியில் கேட்டேன், பரந்தனில் கேட்டேன், போன கிழமை புதுக்குடியிருப்பிலும் ஒரு கராச்சில் கேட்டேன். இனியும் பேசாமல் இருக்க என்னால் ஏலாது.

குறைந்தால் விடுவதாம். எஞ்சின் ஒயில் என்றால் சரி, எரிந்து குறையும். பிறேக் ஒயில் எரிவதில்லை. மூடிய பைப்புக்குள் அடைபட்டுக் கிடக்கிற சாமான் அது. மட்டம் இறங்கினால் இரண்டே காரணம்தான். பிறேக் பாட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கேயோ கசியும். இரண்டில் எது என்று குனிந்து பார்க்காமல் மேலே ஊற்றி மூடியைப் பூட்டுகிறவர் வருத்தத்தை மறைத்துவிட்டு ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்.

என்னுடைய காருக்கு அப்படி இரண்டு முறை ஊற்றினார்கள். இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை! "ஏன் அண்ணை திரும்பவும் குறையுது?" என்று கேட்டேன். "பழைய வாகனம் தம்பி, அப்பிடித்தான்" என்றார். நானும் நம்பினேன்.

ஒரு பின்னேரம் வவுனியாவில் அம்மாவுக்குக் கிளினிக் முடித்துக்கொண்டு ஏ9 வழியாக வந்துகொண்டிருந்தோம். பின் சீற்றில் அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர். மாங்குளம் கழிந்து கொக்காவிலையும் தாண்டியாயிற்று, வெளிச்சம் மங்கிற நேரம். பட்டிக்குத் திரும்புகிற மாடுகள் வீதிக்கு ஏறின. பிறேக்கை மிதித்தேன். பெடல் ஒரு கணம் இறுகியது, அப்புறம் தண்ணீருக்குள் கால் வைத்த மாதிரி அடிவரை போயிற்று. கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கி நின்றது. ஒரு கன்றுக்குட்டி பம்பரில் முட்டாத குறை. சின்னவள் அழவில்லை, அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கார் நின்றதற்குக் காரணம், இப்போதைய வாகனங்களில் பிறேக் இரண்டு பாதையாகப் பிரிந்திருப்பதுதான். ஒன்று போனாலும் மற்றது பாதியாவது பிடிக்கும். என்னுடையதில் முன் வலதும் பின் இடதும் ஒரு பாதை. அது செத்துவிட்டது. முன் சில்லுகளில் இடது மட்டும் இறுகப் பிடித்ததால் அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது.

அடுத்த நாள் காரை உயர்த்தி அடியில் படுத்துப் பார்த்தோம். பின் இடது சில்லுக்குப் போகிற பைப் பாதியில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனையை மடித்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி விட்டிருந்தார்கள். நான் வாங்குவதற்கு முன்னமே யாரோ செய்த வேலை. பைப் துருப்பிடித்து ஒழுகியதாம், புதுப் பைப் போடாமல் அந்தச் சில்லுக்குப் பிறேக்கே வேண்டாம் என்று அடைத்துவிட்டார்கள். அந்த மடிப்பால்தான் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. அதற்குத்தான் மேலே இரண்டு முறை ஊற்றினார்கள். அவசரத்தில் மிதிக்கிறபோது அந்தப் பைப்புக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏறும். சுத்தியலால் தட்டிய மடிப்பு அதைத் தாங்குமா?

இதை ஊரில் சொன்னால், "எங்கட பக்கம் எல்லா வாகனத்திலயும் இப்பிடி ஏதாவது இருக்கும்" என்கிறார்கள். அதுதான் என் கொதிப்பு! பெற்றோல் ஹோஸை வெட்டிக் கிளிப் போட்டு ஒட்டிய பிறேக் பைப்பை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன். பிரிட்ஜுக்குப் போடுகிற செப்புக் குழாயையும் கண்டிருக்கிறேன். வெறும் செப்பு அதிர்ந்து அதிர்ந்து இறுகி வெடிக்கும். செப்பும் நிக்கலும் கலந்த பைப் வேறு, அது துருவே பிடிக்காது, வளைக்கவும் சுகம். முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் பூநகரிக்கும் உப்புக் காற்றுக்குள் ஓடுகிற எங்களுக்குத்தான் அது முதலில் தேவை. உள் வீதிகளில் கிரவல் கல் அடித்து இரும்புப் பைப்பின் பூச்சு உரிந்துவிடுகிறது. மாரியில் சேறு அதில் ஒட்டிக் காயாமல் கிடக்கிறது. துரு பிடிக்காமல் என்ன செய்யும்? பைப்பின் முனையையும் இரண்டு மடிப்பாக விரித்துத்தான் பூட்ட வேண்டும். ஒரு மடிப்போடு பூட்டினால் வெடித்துவிடும்.

சரி, ஒயிலுக்கு வருவோம். பிறேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 3, டொட் 4 என்று போத்தலில் போட்டிருப்பது ஒயிலின் தரம். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140க்கு இறங்கலாம். டொட் 4 என்றால் 230இலிருந்து 155க்கு. மலை இறக்கத்தில் விடாமல் பிறேக் பிடித்துச் சூடேறிக் கொதித்தால் ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் கீழே போகும். இதைச் சொன்னால் உடனே ஒரு பதில்: "வன்னியில மலை எங்க இருக்கு தம்பி? கொதிக்கிறதுக்கு இது என்ன நுவரெலியாவோ?" மலை இல்லைத்தான். ஆனால் அந்த ஈரம் மலைக்காகக் காத்திருப்பதில்லை. பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் சில்லில் இருக்கிற சிலிண்டரையும் உள்ளுக்குள் இருந்தே அரிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்று சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். பழைய ஒயிலை வெளியே விடுகிற நிப்பிளை என் காரில் திறந்தபோது பிளேன்ரீ நிறத்தில் வந்தது. புது ஒயில் இளமஞ்சள்.

மூடி இல்லாத போத்தலில் மாதக்கணக்காகக் கிடந்த ஒயிலை ஊற்றுகிறவர்களை என்ன சொல்ல? அது போத்தலிலேயே ஈரம் குடித்து முடித்துவிடும். "எல்லாம் ஒண்டுதான்" என்று டொட் 5ஐ மற்றதோடு கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். டொட் 5 சிலிக்கோன், கலக்கவே கூடாது. 5.1 வேறு, அது 3, 4 ஆகியவற்றின் இனம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மண் இது. இல்லாததை வைத்துச் சமாளித்த அந்தக் கைகளை நான் கும்பிடுகிறேன். இன்றைக்கு ஏ9 திறந்து கிடக்கிறது, கடையில் சீல் உடைக்காத போத்தல் அடுக்கிக் கிடக்கிறது. இப்போதும் ஏன் சமாளிப்பு? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழசை வைத்தே ஐந்து வருடம் இழுத்தோம். பழசாக ஆகத்தானே கூடப் பார்க்க வேண்டும்! வருடா வருடம் வரி அனுமதிப்பத்திரத்துக்குக் காரின் புகையைச் சோதிக்கிறார்கள். பிறேக் பைப்பைப் பார்க்க ஒருவரும் குனிவதில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் நாங்கள் ஒருவரும் போவதில்லை. நானும் உடைக்கிறேன், இனியும் உடைப்பேன். அங்கே நிற்கிற ஐந்து நிமிடத்தில் பொனற்றைத் திறந்து ஒயில் மட்டத்தைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை பள்ளிக்கூட வான் ஓடுகிறார். ஒயில் எப்போது மாற்றினது என்று கேட்டேன். "குறைஞ்சா விடுவன்" என்றார். அந்த வானில் பதினான்கு பிள்ளைகள் போகிறார்கள். அவருடன் சண்டை பிடித்தேன். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்தவர், நேற்றுப் படலையடிக்கு வந்து, சனிக்கிழமை வானை உயர்த்திப் பார்ப்போம் என்றிருக்கிறார். ஒயில் போத்தல் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.