‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்குநரின் அப்பா முகாமில் சாகவில்லை

“இந்தப் படம் உண்மைக் கதை. இயக்குநர் ராபர்டோ பெனினியின் அப்பாதான் நாஜி முகாமில் மகனைக் காப்பாற்றிவிட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டவர்.” ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இத்தாலியப் படத்தைப் பற்றிக் கண்கலங்கும் எமோஜிகளோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. படத்தில் யூத அப்பா ஒருவர் நாஜி முகாமில் மகனை ஒளித்துவைத்து, நடப்பதெல்லாம் விளையாட்டு என்று நம்பவைத்துக் காப்பாற்றுகிறார்; கடைசியில் அவர் கொல்லப்படுகிறார்.

பெனினி பிறந்தது 1952-இல். இரண்டாம் உலகப் போர் 1945-லேயே முடிந்துவிட்டது. முகாமில் இறந்த அப்பாவுக்கு ஏழு வருஷம் கழித்து எப்படிப் பிள்ளை பிறக்கும்? ஃபார்வர்டு செய்யும் முன் இந்தக் கணக்கையாவது போட்டிருக்கலாம்.

ஆனால், ஒரு துளி உண்மை உண்டு. அப்பா லூயிஜி பெனினி யூதர் அல்ல. இத்தாலிய ராணுவ வீரர். அதுவரை ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த இத்தாலி 1943-இல் எதிரணியான நேச நாடுகளிடம் சரணடைந்ததும் ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கான இத்தாலிய வீரர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லூயிஜியும் அப்படித்தான் முகாமில் அடைபட்டார். உயிரோடு திரும்பியவர், பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதென்று அந்த நாள்களைச் சிரிப்பும் வேடிக்கையும் கலந்தே சொல்வாராம். படத்துக்குள் வந்தது அந்தத் தொனி. முகாமில் மகனை ஒளித்துவைப்பதும், ‘ஜெயித்தால் பீரங்கி வண்டி பரிசு’ என்ற விளையாட்டும் கற்பனை. இது நீதிக்கதை மாதிரி என்று படத்தின் தொடக்கக் குரலே சொல்லிவிடுகிறது.

நிஜத்தில் போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் என்ற நாஜி முகாமுக்கு ரயிலில் வந்திறங்கிய யூதக் குழந்தைகளில் பெரும்பாலோர் அன்றே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஒளித்துவைக்கப் பெரும்பாலான அப்பாக்களுக்கு அவகாசமே இருக்கவில்லை.