கைதட்டினால் போதுமா?
ரயிலில் ராணுவ வீரரைப் பார்த்தால் எழுந்து நின்று கைதட்டுங்கள் என்று உங்கள் கட்டுரையில் சொல்கிறீர்கள், தட்டலாம், தப்பில்லை, ஆனால் ரெண்டு மூணு நாள் பயணம் செய்து டிரங்குப் பெட்டியோடு காரைக்குடியில் இறங்குகிறவனுக்கு அப்போது வேண்டியது தூக்கமும் வீட்டுச் சோறும்தான். நன்றி சொல்ல நினைத்தால் அவன் ஊரில் இல்லாதபோது அவன் வீட்டுக்குப் போங்கள். எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா, அவர் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர், குடும்ப ஓய்வூதியம் வருகிறது, பேரன் இப்போது லடாக்கில். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். இ-சேவை மையத்தில் மெஷின் அவர் ரேகையை எடுக்கவே இல்லை. "பாத்திரம் விளக்கியே தேஞ்ச கைப்பா, ரேகை எங்க இருக்கும்" என்றார். அப்புறம் என் போனிலேயே, அந்தச் சான்றைக் கொடுப்பதற்கான அரசின் ஜீவன் பிரமாண் செயலியைப் போட்டு, வெளிச்சம் விழும் முற்றத்தில் உட்கார வைத்து முகத்தைக் காட்டி முடித்தோம் (கண் சிமிட்டச் சொன்னால் சிரித்துவிடுகிறார், அதில்தான் நேரமானது). செயலியில் ஓய்வூதியம் வழங்குவது யார் என்று கேட்கும் இடத்தில் ஸ்பர்ஷ் (ராணுவ ஓய்வூதியத்துக்கான இணைய அமைப்பு) என்று சரியாகத் தேர்வு செய்யுங்கள், பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கட்டுரைக்கு மறுமொழியாக 'கொடிநாளுக்குக் காசு போட்டாச்சு, அது போதும்' என்று எழுதியவருக்கு: கட்டாயம் போடுங்கள், 1949 முதல் டிசம்பர் 7 அன்று திரட்டுகிற அந்தப் பணம் போரில் ஊனமுற்றவர்களுக்கும் வீரர்களின் விதவைகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும்தான் போகிறது. ஆனால் பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ், மாமியாருக்கு ஆஸ்பத்திரி என்று தனியாக அல்லாடும் ராணுவ வீரன் வீட்டு மருமகளுக்கு உண்டியல் வந்து வண்டி ஓட்டாது.