ரிசல்ட்டை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்

தேர்வுக் கட்டணம் வாங்கி, ஹால் டிக்கெட் கொடுத்து, மூன்று மணி நேரம் உட்கார வைத்து எழுதவும் விட்டுவிட்டு, முடிவு வரும் அன்று மட்டும் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே 'வித்ஹெல்டு' (நிறுத்திவைப்பு) என்று போடும் வழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் விட வேண்டும். நிறுத்தியே ஆக வேண்டிய காரணம் இருந்தால் அதை எழுத்தில் கொடுங்கள், பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள், எப்போதுக்குள் முடிவு சொல்வீர்கள் என்று ஒரு தேதியும் கொடுங்கள்.

எங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த வீட்டுப் பெண், பி.எஸ்சி. கடைசி செமஸ்டர். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் ரிசல்ட் வந்துவிட்டது, இவளுக்கு இல்லை. கல்லூரியில் கேட்டால் யுனிவர்சிட்டியில் போய்க் கேள் என்கிறார்கள், அங்கே போனால் உங்க காலேஜ் இன்டர்னல் மார்க் அனுப்பவில்லை என்கிறார்கள், திரும்பி வந்தால் நாங்கள் அப்போதே ஏற்றிவிட்டோமே என்று கல்லூரி கையை விரிக்கிறது. அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை, மகளோடு அலைய லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. இதற்குள் எம்.எஸ்சி. சேர்க்கை முடிந்தே போனது. அப்புறம் ஒருநாள் ரிசல்ட் வந்தது, எல்லாப் பாடத்திலும் பாஸ். அவள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் ஒரு வருஷம் போனது அவளுக்குத்தான்.

இதைச் சும்மா விட மனசு வராமல் பழைய தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். உத்தரப் பிரதேசத்தின் பள்ளித் தேர்வு வாரியம் மாணவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே அவர்களுடைய முடிவை ரத்து செய்தது; அந்த வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம், மாணவர் தரப்பைக் கேட்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டது. அடுத்தது குருட்சேத்திரப் பல்கலைக்கழக வழக்கு, 1975. சட்டம் படித்த ஒரு அரசு ஊழியருக்கு வருகைப் பதிவு குறைவு, மேலதிகாரியிடம் அனுமதி வாங்கவில்லை என்று காரணம் காட்டி, தேர்வு எழுதி முடித்த பிறகு ரிசல்ட்டைத் தர மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் கேட்டது நாமெல்லாம் கேட்கும் அதே கேள்விதான்: விண்ணப்பம் உங்கள் கையில் இருந்தபோது, தேர்வுக்கு முன்னாலேயே இதைச் சரிபார்த்திருக்க வேண்டாமா? எழுத அனுமதித்த பிறகு பின்வாங்க முடியாது, முடிவை வெளியிடு என்று உத்தரவு. இது நடந்து ஐம்பது வருஷம் ஆகிறது, இன்னமும் ஹால் டிக்கெட் கொடுத்த பிறகுதான் தகுதியைச் சரிபார்க்கிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பல்கலைக்கழகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு தேர்வு மையமே சேர்ந்து காப்பி அடித்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கத் தேவையில்லை என்று 1970-ல் ஒரு பீகார் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. வழக்கு முடியும் முன் நீதிமன்றம் தற்காலிகமாகத் தரும் இடைக்கால உத்தரவோடு தேர்வு எழுதியவருக்கு, எழுதியதாலேயே உரிமை வந்துவிடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சரி. ஆனால் நான் பேசுவது வகுப்புக்குப் போய், பணம் கட்டி, ஒழுங்காக எழுதிய பிள்ளையைப் பற்றி. அவளுக்கு ஏன் நிறுத்தினோம் என்று ஒரு தாளில் எழுதித் தருவதில் என்ன கஷ்டம்?

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தேர்வு நடத்தும் வாரியத்துக்கு மாணவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அங்கே போய் நாளைத் தொலைக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். ரிசல்ட் தாமதமும் அதில் வரும் புகார்தான். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும், அது திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். புகாரை எழுத்தில் கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது.

சேர்க்கைக்கு நாள் நெருங்கிவிட்டால் இதற்கெல்லாம் காத்திருக்க முடியாது. அரசியல் சாசனம் 226-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் (பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) வழி. கடலூருக்கும் சரி, புதுச்சேரிக்கும் சரி, அது சென்னையில். அவ்வளவு தூரம் போய் வக்கீல் வைக்க நம்மால் ஆகுமா என்று பயந்துதான் பல வீடுகளில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. கடலூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், உயர் நீதிமன்ற வழக்குக்கு எப்படிப் போவது என்று அங்கே கேளுங்கள். போகும்போது ஹால் டிக்கெட், கட்டணம் கட்டிய ரசீது, சீல் போட்ட புகார் நகல் இவற்றோடு, அடுத்த படிப்புக்கான சேர்க்கையின் கடைசித் தேதி உள்ள அறிவிப்பையும் எடுத்துப்போங்கள், ஏன் அவசரம் என்று காட்டி இடைக்கால உத்தரவு கேட்க வக்கீலுக்கு அது வேண்டும்.