50 எம்எம்னு வாங்குனா 80 எம்எம் மாதிரி தெரியுது

கேமரா கடையில 50 எம்எம் லென்ஸ் கேக்குற பிள்ளைங்ககிட்ட, உன் கேமரா சென்சர், அதான் படத்த பதியுற சில்லு, என்ன சைஸ்னு யாருமே கேக்குறதில்ல, பில்ல மட்டும் போட்டுருவாங்க. ஃபுல் ஃப்ரேம் சென்சர்னா 36க்கு 24 மில்லிமீட்டர், நம்ம பட்ஜெட்டுக்கு வர்ற ஏபிஎஸ்-சி, அதாவது க்ராப் சென்சர், அதவிட சின்னது, லென்ஸ் கொண்டு வர்ற காட்சியில நடுவுல உள்ளத மட்டும்தான் புடிக்கும். ஃபுல் ஃப்ரேம்ல அது எத்தன எம்எம் மாதிரின்னு தெரிய, லென்ஸோட எம்எம்ம கேனான்னா 1.6ஆல பெருக்கணும், நிக்கான் சோனின்னா 1.5. அப்ப அந்த 50 கேனான்ல 80 மாதிரி நெருக்கமா தெரியும்.

தைப்பூசத்துக்கு பத்துமலையில நின்னு பாருங்க, பின்னால நகர ஒரு அடி இடம் இருக்காது, காவடி முழுசா ஃப்ரேமுக்குள்ள வரணும், எம்எம் கொறஞ்சாதான் காட்சி அகலமா வரும், ஃபுல் ஃப்ரேம்காரங்க 24 எம்எம்ல எடுக்குறத கேனான் க்ராப்ல எடுக்க 15 எம்எம் வேணும், கேமராவோட கூட குடுக்குற 18-55 எம்எம் லென்ஸ் அங்க பத்தவே பத்தாது. அதுக்கு தனியா ஒரு வைட் லென்ஸ், தனியா காசு.

சரி ஃபுல் ஃப்ரேமுக்கே போயிடலாம்னா பாடி விலைய பாத்தாலே நெஞ்சு அடைக்குது, அதுலயும் க்ராப் சென்சருக்குன்னு செஞ்ச பழைய லென்ஸ மாட்டுனா ஓரமெல்லாம் இருட்டு, இல்லன்னா கேமராவே க்ராப் பண்ணி மெகாபிக்சல பாதிக்கும் கீழ கொண்டு வந்துரும். செகண்ட் ஹேண்டும் ஏறிப்போச்சு. கல்யாணம் எடுத்து பொழைக்குற தம்பிங்க மாசாமாசம் தவணை கட்டுறாங்க, கல்யாண வீட்டுல மட்டும் அதே பழைய ரேட்டுதான் கேக்குறாங்க லா, ரொம்ப அநியாயம்.

ஏபிஎஸ்-சில இது எவ்வளவு மாதிரி தெரியும்னு லென்ஸ் பெட்டி மேல ஒரு வரி பெருசா போட்டா என்ன கொறஞ்சிடும்?