கருந்துளைக்குத் தீனி போட்டது யாருங்க?

லுவாண்டின்னு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அதுல என் அக்கா பையன் செஞ்ச கருந்துளை ஒரு பெரிய சர்வர்ல கோபுரம் ஒண்ணை முழுங்கிருச்சு, பழி அவன் மேல. சனிக்கிழமை ராத்திரி அது நடந்த லைவைப் பார்த்தவங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்லப் போறதில்லை. பார்க்காதவங்க, வெட்டி ஒட்டிச் சுத்திக்கிட்டிருக்கிற அந்தக் குட்டி வீடியோவை மட்டும் பார்த்துட்டு இங்க வந்து கமெண்ட் போடாதீங்க. முழு லைவும் இன்னும் அப்படியே இருக்கு. கருந்துளைக்குப் பக்கத்துல நின்னு, கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே, அடுக்கு அடுக்கா கல்லை எடுத்து உள்ள வீசுறது யாருன்னு பாருங்க. ஒரு அடுக்குன்னா 99 கல்லு. "இன்னும் பெருசாகட்டும்டா"ன்னு செட்டிங்ஸ்ல இருந்த உச்ச வரம்பைத் தூக்குறது யாரோட குரல்னும் கேளுங்க. என் அக்கா பையன் குரல் இல்லை.

கோபுரம் போனதும் பேன், அதாவது சர்வருக்குள்ள வரவே தடை, மட்டும் அவனுக்கு.

லுவாண்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: மைன்கிராஃப்ட் மாதிரியே பிளாக் வச்சுக் கட்டுற விளையாட்டு. இலவசம். 2024 வரைக்கும் மைன்டெஸ்ட்னு பேரு. என் நெட் சென்டர்ல இருக்கிற கிழட்டு கம்ப்யூட்டர்லயும் ஓடும், அதனாலதான் ஆந்திர எல்லையில இருக்கிற எங்க சூலூர்பேட்டைப் பசங்க அதை ஆடுறாங்க. லுவாங்கிற புரோகிராம் மொழி கொஞ்சம் தெரிஞ்சா நாமளே மோட், அதாவது விளையாட்டுல இல்லாத புதுச் சாமான், எழுதிச் சேர்த்துக்கலாம். எங்க பையன் சேர்த்தது கருந்துளை. நிறையப் பேர் சேர்ந்து ஆடுற பெரிய சர்வர்ல நாலு பேர் பார்க்கட்டும்னு ஆசைப்பட்டு அங்க கொண்டுபோனான். நானும்தான் போடான்னு அனுப்பி வச்சேன்.

"கட்டுற விளையாட்டுல எதுக்குங்க அழிக்கிற சாமான்?" இதைத்தான் லைவ்ல திரும்பத் திரும்பச் சொன்னார், அந்த சர்வரை நடத்துற அட்மின். நல்ல கேள்விதான். போன தீபாவளிக்கு டிஎன்டிங்கிற வெடி பிளாக் வச்சு ஒரு முழு ஊரையே வெடிச்சு லைவ் போட்டவர் கேக்கிறதாலதான் கொஞ்சம் சிரிப்பு வருது. டிஎன்டி இருக்கலாம், எரிமலைக் குழம்பு இருக்கலாம். மைன்கிராஃப்ட்ல பின்னாடியே வந்து வெடிச்சு வீட்டுல பாதியைக் கொண்டுபோற கிரீப்பர் இருக்கலாம். அந்தக் கிரீப்பர் எப்படிப் பிறந்துச்சு தெரியுமா? மைன்கிராஃப்டை உருவாக்கின மார்க்குஸ் பெர்சன் பன்னி செய்யப்போய், உயரத்தையும் நீளத்தையும் மாத்திக் கொடுத்துட்டார். நெட்டையா நாலு காலோட ஒண்ணு வந்து நின்னுச்சு. தப்பா வந்த பன்னி இன்னைக்கு அந்த விளையாட்டோட முகமே ஆயிருச்சு. நல்லவேளை, அவர் அதை இவங்க சர்வர்ல கொண்டுபோய்க் காட்டலை.

டிஎன்டிக்கு ஒண்ணுமே தெரியாது, வெடிக்கும், அவ்வளவுதான். இவன் செஞ்சது அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுறேன்.

கருந்துளைன்னா, ரொம்பச் சின்ன இடத்துல அவ்வளவு எடை நெருக்கி, உள்ள போன வெளிச்சம்கூடத் திரும்ப முடியாத இடம். அதைக் கேட்டதும் நம்மாளுங்க மனசுல வர்றது வேக்குவம் கிளீனர். கிட்ட இருக்கிறது, தூரத்துல இருக்கிறது எல்லாத்தையும் சர்ருன்னு இழுத்துக்கும்னு நினைப்பு. அப்படி இல்லைங்க. சூரியன் இருக்கிற இடத்துல அதே எடையில ஒரு கருந்துளையை வச்சா, பூமி இப்ப சுத்துற பாதையிலேயே சுத்திக்கிட்டிருக்கும். இருட்டுல, குளிர்ல நாம செத்துப்போவோம், அது வேற கதை. ஆனா இழுத்து முழுங்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான், ஜெராக்ஸ் எடுத்துப் பாழான தாளோட பின்பக்கத்துல எழுதி எழுதி.

அதே தாள்ல இன்னொரு கணக்கும் போட்டான். பூமியை அப்படியே நசுக்கிக் கருந்துளை ஆக்கினா அதோட ஆரம் 9 மில்லிமீட்டர்கூட வராது. சூரியனை நசுக்கினா சுமார் 3 கிலோமீட்டர். விளையாட்டுல ஒரு பிளாக்னா ஒரு மீட்டர்னு வச்சுக்குங்க. அந்த ஒரு பிளாக் அகலத்துக்கு நிஜமான கருந்துளை வேணும்னா 50 பூமிக்கு மேல எடை தேவைப்படும். விளையாட்டு உலகத்துல இருக்கிற மொத்தக் கல்லையும் கொட்டினாலும் தூசியளவுகூட வராது. அதனால எடைக் கணக்கை மட்டும் சுருக்கிக்கிட்டு, விதியை விதியாவே விட்டுட்டான். எடை ரெண்டு மடங்கானா ஆரமும் ரெண்டு மடங்கு. தூரம் ரெண்டு மடங்கானா இழுவை நாலுல ஒரு பங்கு. எதுவும் போடலைன்னா வளராது. சும்மா ஒரு மூலையில இருக்கும்.

போட்டாங்க, வளந்துச்சு. இதுல பையன் செஞ்ச குத்தம் என்ன?

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான், லைவ்ல யாரும் கண்டுக்காததும் அதுதான். கருந்துளைக்குக் கிட்டப் போகப் போக நேரம் மெதுவாகும், வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு. விளையாட்டுல அதை எப்படிக் காட்டுறது? சர்வருக்கு இருக்கிறது ஒரே கடிகாரம். உங்களுக்கு மட்டும் மெதுவா, எனக்கு மட்டும் வேகமான்னு ஓட்ட முடியாது. இவன் என்ன செஞ்சான்னா, ஆளை விட்டுட்டு சாமானைப் பிடிச்சான். கருந்துளைக்குப் பக்கத்துல அடுப்பு வச்சா இரும்பு உருக நேரமாகும். செடி நட்டா மெதுவா வளரும். கிட்ட வைக்க வைக்க இன்னும் மெதுவா. பொறுமையா ரெண்டு அடுப்பை ரெண்டு தூரத்துல வச்சுப் பார்த்திருந்தா போதும். ஐன்ஸ்டீன் 1915-ல எழுதினதை எங்க ஊர்ப் பையன் ஒரு அடுப்புல காட்டியிருக்கான். அதைப் பார்க்க ஒரு ஆளுக்கும் நேரமில்லை. கல்லு வீச மட்டும் நேரம் இருந்துச்சு.

"சர்வர் லேக் ஆகும், திணறி மெதுவாயிரும்"னு ஒரு குரூப். சரி, இது நியாயம்தான். விழுற ஒவ்வொரு பிளாக்கையும் பறக்கிற பொருளா மாத்தினா எந்த சர்வரும் படுத்துரும். அதனாலதான் அவன் பறக்க விடலை, வட்டம் வட்டமா கொஞ்சம் கொஞ்சமா எடுக்குற மாதிரி எழுதியிருந்தான். வரம்பைத் தூக்கின பிறகு லேக் ஆச்சு, ஆமா. வரம்பு எதுக்கு இருந்துச்சுன்னு நினைச்சீங்க?

"இது நிஜமான இயற்பியல் இல்லை"ன்னு இன்னொருத்தர், பேருக்குப் பின்னாடி பட்டம் எல்லாம் போட்டிருக்கார். சார், இது அடிமரத்தை வெட்டினா மேல்மரம் அந்தரத்துல நிக்குற விளையாட்டு. மணல் விழும், கல்லு விழாது. மைன்கிராஃப்ட்ல ரெண்டு வாளித் தண்ணி இருந்தா வற்றாத கிணறு வந்துரும். அங்கெல்லாம் எங்க போனீங்க? ஒன்பதாவது படிக்கிறவன் ஒண்ணைச் செஞ்சு கொண்டுவந்ததும்தான் உங்களுக்கு நியூட்டன் ஞாபகம் வருதா?

இன்னும் ஒண்ணு சொல்றாங்க, மத்தவங்க கட்டினதைக் கெடுக்க நாலு பேர் இதைத் தூக்கிட்டு வருவாங்கன்னு. வருவாங்கதான். வேற ஒருத்தர் பாதுகாப்புல வச்ச இடத்தை இது தொடாது, அந்தச் சோதனை கோட்லயே இருக்கு, திறந்து பாருங்க. அந்த சர்வர்ல கட்டியிருந்த கோட்டை முழுக்கப் பாதுகாப்புல இருந்துச்சு, அது தப்பிச்சுது. அந்த ஒரு கோபுரத்தை மட்டும் பாதுகாப்புல போட மறந்தது இவனா?

எங்க ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். இல்லேன்னா இந்தப் பையனுக்குக் கருந்துளைப் பைத்தியம் எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்குப் புரியாது. சூலூர்பேட்டையில இருந்து கிழக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினா ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விட்டா எங்க வீட்டு ஜன்னல் அதிரும். நாங்க சின்ன வயசுல அண்ணாந்து பார்த்ததோட சரி, என்ன ஏதுன்னு கேட்டதில்லை. 2024 ஜனவரி 1, காலையில பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட் போச்சு. எல்லாரும் நியூ இயர் தூக்கத்துல இருந்தோம். இவன் மட்டும் மாடியில. "மாமா, இது எதுக்குப் போகுது?"ன்னு கேட்டான். செல்ஃபோன்தான், டிவிதான்னு ஏதோ உளறி வச்சேன். அவனே தேடிப் பார்த்துட்டு வந்து சொன்னான். அதுல போற செயற்கைக்கோளுக்கு எக்ஸ்போசாட்னு பேராம், கருந்துளை, நியூட்ரான் விண்மீன் பக்கம் இருந்தெல்லாம் வர்ற எக்ஸ் கதிரைப் பார்க்கப் போகுதாம். அதுல ஒரு கருவியைச் செஞ்சது பெங்களூர்ல ராமன் ஆராய்ச்சி நிலையமாம். எங்க தலைக்கு மேலேயே போயிருக்கு, கருந்துளை பார்க்கிறதுக்கு. அன்னைக்குப் பிடிச்சது.

அங்கிருந்துதான் நம்ம விண்மீன் விஞ்ஞானி சந்திரசேகர் கதைக்குப் போனான். பத்தொன்பது வயசுல, 1930-ல, கப்பல்ல இங்கிலாந்துக்குப் போகும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தவர். எரிபொருள் தீர்ந்து சுருங்கின வெள்ளைக் குள்ளன் விண்மீனோட எடை ஒரு அளவுக்கு மேல போனா அது தாங்காது, இன்னும் உள்ளே சரியும். இன்னைக்கு நாம சொல்ற அளவு சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில லண்டன்ல ராயல் வானியல் கழகக் கூட்டத்துல இதைப் பேசினார். அடுத்து எழுந்தவர் அப்பப் பெரிய வானியலாளரா இருந்த எடிங்டன், விண்மீன் இப்படிக் கிறுக்குத்தனமா நடந்துக்காம தடுக்க இயற்கையில ஒரு விதி இருக்கணும்னு கிண்டலடிச்சார். கூட்டம் சிரிச்சுது. நோபல் பரிசு வந்தது 1983-ல.

இப்ப வருவீங்க, தெரியும். "உங்க அக்கா பையனைச் சந்திரசேகரோட ஒப்பிடுறீங்களா?" இல்லைங்க. அட்மினை எடிங்டனோட ஒப்பிடுறேன். அதுகூட எடிங்டனுக்குச் செய்யுற அவமரியாதைதான். அவர் சிரிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கைப் படிச்சாவது பார்த்திருந்தார்.

சரி, அந்தச் சிரிப்புக்கே வர்றேன். வாய்ஸ் சாட்ல பையன் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சான். எங்க ஊர்த் தமிழ்ல நடுநடுவே தெலுங்கு வரும். ஸ்கூல் தெலுங்கு, வீடு தமிழ், சண்டை ரெண்டுலயும். "அதி காதண்ணா, கல்லு போட்டாத்தான் பெருசாகும்"னு சொன்னான். அதி காதண்ணான்னா, அது இல்லண்ணா. அவ்வளவுதான். "அதி காதா?"ன்னு ஒருத்தன் இழுத்தான், இன்னொருத்தன் "கொல்டி ராக்கெட் விட வந்துட்டான்டா"ன்னான். தெலுங்குக்காரங்களைக் கிண்டலாச் சொல்ற பேரு அது. அட்மினும் சிரிச்சார். அதுக்கப்புறம் அவன் என்ன சொன்னான்னு ஒருத்தர் காதுலயும் விழலை. கல்லு போட்டா வளரும்னு எச்சரிச்சிருக்கான்யா! லைவ்லயே இருக்கு! அதைச் சொன்ன வாக்கியத்தை வச்சுத்தான் சிரிச்சாங்க.

நான் சென்னையில டிப்ளமோ படிச்சப்பவும் ஹாஸ்டல்ல எனக்கு இதே பேருதான். எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து வீட்டுல தமிழ்தான், பத்திரிகை அடிக்கிறது தமிழ்ல, சாவுக்கு அழறது தமிழ்ல. சென்னைக்குப் போனா கொல்டி. இங்க ஏதாவது ஆபீஸ்ல தமிழ் வாய் தவறி வந்துட்டா "அரவோள்ளு", அதாவது தமிழங்கன்னு ஒரு பார்வை. எல்லையில தமிழ்நாட்டுப் பக்கம் ஆரம்பாக்கம் தாண்டினா ஒரு பேரு, ஆந்திராப் பக்கம் தடா தாண்டினா ஒரு பேரு. எனக்குப் பழகிருச்சு. அவனுக்கு இன்னும் பழகலை, பழகவும் வேண்டாம்.

"சார், ஜாலிக்குச் சொன்னது, சின்னப் பசங்க, சீரியஸா எடுத்துக்கலாமா"ன்னு இன்பாக்ஸ்ல சமாதானம் பேசுறவங்களுக்கு: ஜாலின்னா பேன் எதுக்கு? கோபுரம் ஞாயித்துக்கிழமை காலையிலேயே பேக்கப்ல இருந்து எழும்பி ஜம்முன்னு நிக்குது. பேனும் நிக்குது. கல்லு வீசினவருக்கு அந்த லைவ்ல வழக்கத்தைவிட வியூஸ் ஜாஸ்தி. விதியை மதிச்சு எழுதினவன் கிரீஃபர், அதாவது அடுத்தவன் கட்டினதைக் கெடுக்கிறவன்; விதியைத் தூக்கினவர் அட்மின். நல்லா இருக்கு உங்க நியாயம்.

பேனை எடுங்கன்னு கேக்கத்தான் இதை எழுத உக்காரலை. பாதி எழுதும்போது வரைக்கும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்பக் கேக்கிறேன். எடுங்க. மன்னிப்பெல்லாம் உங்க வசதி.

மோட் இப்ப என் சென்டர்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல தனி சர்வரா ஓடுது. வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு மேல யார் வேணா வரலாம், சர்வரோட ஐபி முகவரி கேட்டா இன்பாக்ஸ்ல தர்றேன். அடுப்பு வச்சுப் பாருங்க, செடி வச்சுப் பாருங்க. கல்லு வீசணும்னாலும் தாராளமா வீசுங்க. யார், எத்தனை கல்லு, எத்தனை மணிக்குன்னு இப்பப் பேரோட பதிவாகும். பேன் ஆன ராத்திரி தூங்காம உக்காந்து அவன் சேர்த்தது அதைத்தான்.