எதிர்ப்பு சக்தி கூடிக்கொண்டே போனால் நல்லதா?

கொரோனா வந்து போன பிறகு கடை அலமாரிகளில் ஒரு வரிசை கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. லேகியம், பவுடர், மூலிகை டீ, சப்பிச் சாப்பிடும் மாத்திரை. எல்லாவற்றின் மேலும் ஒரே வாக்கியம்: நோய் எதிர்ப்பு சக்தியை அதிகரிக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே பேச்சுதான். நான் வேலை பார்ப்பது நுண்ணுயிரியல் ஆய்வகத்தில். சளி மாதிரிகளில் காசநோய்க் கிருமியைத் தேடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அதனால், கிருமியும் உடம்பும் மோதும் இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் கண்ணில் பட்டால் விடாமல் படிப்பேன். இவ்வளவு படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்ற நினைப்பு தவறு. குறைந்தாலும் ஆபத்து, எல்லை மீறினாலும் ஆபத்து. இதைக் காசநோயை விடத் தெளிவாகக் காட்டும் நோய் வேறு இல்லை.

முதலில் அந்தக் கிருமியைப் பற்றி. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை மேலே ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டுவோம். ஆறிய பிறகு அமிலத்தால் கழுவினால் மற்ற எல்லாம் சாயத்தை விட்டுவிடும். இந்தக் கிருமி மட்டும் விடாது. அதன் மேலுறையில் இருக்கும் தடித்த கொழுப்புப் பொருள்கள் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியாக மெத்திலீன் நீலம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பின்னணியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய சிவப்புக் குச்சிகள். 2023-ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் சாகக் காரணமாக இருந்தது இந்தக் குச்சிதான். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

ராபர்ட் கோக் இதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது 1882 மார்ச் 24-ல். பலருக்குத் தெரியாதது அதற்கு எட்டு வருடம் கழித்து நடந்தது. 1890-ல் அவர் டியூபர்குலின் என்ற கிருமிச் சாற்றைக் காசநோய்க்கு மருந்தாக அறிவித்தார். நோயாளிகள் பெர்லினுக்குக் குவிந்தார்கள். ஊசி போட்டதும் கடும் காய்ச்சல் வந்தது. நோய் இருந்த இடங்கள் கொதித்துச் சிவந்தன. உடம்பு எதிர்த்துப் போராடுவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அன்றைக்கு நினைத்தார்கள். ஆனால் குணமானவர்கள் சொற்பம், நிலைமை மோசமாகி இறந்தவர்களும் உண்டு. எதிர்ப்பைத் தூண்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் அடிவாங்கியது அப்போதே. அந்தச் சாறு பிற்பாடு தோலில் ஊசி போட்டுத் தொற்றைக் கண்டறியும் சோதனையாக மாறி இன்றும் பயன்படுகிறது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு விடை கிடைக்கத் தொடங்கியது, என்னைப் பொறுத்தவரை, ஒரு சின்ன மீனில்தான். வரிக்குதிரை மீன் என்பார்கள். இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கும் லலிதா ராமகிருஷ்ணன் பல வருடங்களாக இந்த மீனை வைத்துக் காசநோயை ஆராய்ந்து வருகிறார். பரோடாவில் மருத்துவம் படித்தவர். சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. மனிதக் காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைக் கொடுக்கும். வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவக் கூடியது. கிருமிக்கு ஒரு நிறத்திலும் நோய் எதிர்ப்புச் செல்லுக்கு இன்னொரு நிறத்திலும் ஒளிரும் புரதத்தைக் கொடுத்துவிட்டால், உயிரோடு இருக்கும் உடம்புக்குள்ளேயே இரண்டும் சந்திப்பதை உட்கார்ந்து பார்க்கலாம். நுரையீரலை அறுத்துப் பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று ஊகித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம்!

அப்படிப் பார்த்ததில் பாடப்புத்தகம் சொன்ன ஒன்று தலைகீழானது. காசநோயில் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாகச் சேர்ந்து கிரானுலோமா என்ற சிறு கட்டியை உண்டாக்கும். கிருமியைச் சுற்றி உடம்பு கட்டும் மதில் அது என்றுதான் நாங்கள் படித்தோம். மீனில் தெரிந்தது வேறு. மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல் கிருமியை விழுங்குகிறது. கிருமி உள்ளேயே பெருகுகிறது. அந்தச் செல் சாகும்போது புதிய மேக்ரோபேஜ்கள் ஓடி வந்து மிச்சத்தை விழுங்குகின்றன. இப்போது அவற்றுக்குள்ளும் கிருமி. 2009-ல் வந்த ஆய்வு சொன்னபடி, தொற்றின் ஆரம்ப நாள்களில் அந்தக் கட்டியே கிருமி பரவ உதவுகிறது. புதிய செல்களை வரவழைக்கும் வேலையில், ஆர்டி1 என்ற மரபணுப் பகுதி கிருமிக்குக் கைகொடுக்கிறது. குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் கிருமி சாதுவாக இருப்பதற்கு முக்கியக் காரணம், இந்த ஆர்டி1 அதில் இல்லாததுதான்.

2014-ல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு, உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளாதபடி மறைத்துவிடுகிறது. இன்னொரு கொழுப்பு, கிருமியைக் கொல்லத் தெரியாத மேக்ரோபேஜ்களை மட்டும் கூப்பிட்டு அனுப்புகிறது. மூக்கு, தொண்டைப் பகுதியில் எப்போதும் குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் கொல்லத் தெரிந்த செல்களை அங்கே வரவழைத்துவிடும். அதனால்தான் இந்தக் கிருமிக்கு நுரையீரலின் ஆழம் தேவைப்படுகிறது, அவ்வளவு தூரம் போகக்கூடிய மிக நுண்ணிய துளிகளில் அது பயணிக்கிறது என்பது அவர்களின் விளக்கம். அதைப் படித்த அன்று சிவப்புக் குச்சிகளை வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அளவு விஷயத்துக்கு வருகிறேன். எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் டிஎன்எஃப் என்ற புரதம் காசநோயைக் கட்டுப்படுத்த அவசியம். முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்துகள் வந்தபோது, உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய் சிலருக்கு விழித்துக்கொண்டது. 2001-லேயே இது பதிவாகிவிட்டது. அப்படியென்றால் டிஎன்எஃப் நிறைய இருந்தால் நல்லதுதானே? 2010-லும் 2012-லும் வந்த மீன் ஆய்வுகள் இல்லை என்றன. எல்டிஏ4ஹெச் என்ற மரபணு குறைவாக வேலை செய்த மீன்களில் டிஎன்எஃப் குறைந்தது, கிருமி பெருகியது. அது அதிகமாக வேலை செய்த மீன்களில் டிஎன்எஃப் கூடியது, அப்போதும் கிருமி பெருகியது. கூடும்போது மேக்ரோபேஜ் முதலில் உள்ளிருக்கும் கிருமியைத் தாக்குகிறது. ஆனால் அந்த வேகத்தில் தானும் வெடித்துச் சாகிறது. வெளியே கொட்டிய கிருமிகளுக்கு அதன் பிறகு தடையே கிடையாது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இது மீனோடு நிற்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. காசநோய் மூளையுறையைத் தாக்கும்போது வரும் மூளைக்காய்ச்சல் மிகக் கொடியது. 2004-ல் வியட்நாமில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, காசநோய் மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்தால் இறப்பு குறைவதைக் காட்டியது. ஸ்டீராய்டு எதிர்ப்பை அடக்கும் மருந்து. தொற்றுநோயில் எதிர்ப்பை அடக்கிவிட்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! பிறகு அந்த வியட்நாம் நோயாளிகளின் எல்டிஏ4ஹெச் மரபணுவைப் பார்த்தபோது, இயல்பாகவே அழற்சி, அதாவது எதிர்ப்பால் வரும் வீக்கமும் கொதிப்பும், அதிகமாக வரும் வகையினருக்குத்தான் ஸ்டீராய்டால் பலன் என்று தெரிந்தது. வேறு நாட்டு நோயாளிகளிடம் சோதித்தபோது எல்லா இடத்திலும் இதே விடை வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறிவியல் அப்படித்தான் நகரும். எச்ஐவி உள்ளவர்களில் டெக்சாமெத்தசோன் பலன் தரவில்லை என்று 2023-ல் வந்த ஆய்வும் இருக்கிறது. ஒரே மருந்து, ஒரே கிருமி, ஆனால் உடம்பு வேறு.

எச்ஐவி என்றதும் இன்னொன்று. எச்ஐவியும் காசநோயும் சேர்ந்த நோயாளிக்கு எச்ஐவி மருந்து தொடங்கினால் ரத்தத்தில் எதிர்ப்புச் செல்கள் மளமளவென்று கூடும். எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான். ஆனால் அந்த நேரத்தில் சிலருக்குக் காய்ச்சல் திரும்பும், நெறிகட்டும், நுரையீரல் படம் முன்னைவிட மோசமாகும். திரும்பி வந்த எதிர்ப்பு, உடம்பில் மீந்திருக்கும் கிருமி மீது ஒரேயடியாகப் பாய்வதால் வரும் தொல்லை அது. 2018-ல் தென் ஆப்பிரிக்க ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் நான்கு வாரம் ஸ்டீராய்டு கொடுத்தே இதைக் குறைத்தார்கள். புற்றுநோய்க்கு வந்திருக்கும் புதிய மருந்துகளிலும் இதே கதை. எதிர்ப்புச் செல்லின் பிரேக்கை எடுத்துவிடும் பிடி-1 தடுப்பு மருந்துகளால் சிலருக்குக் காசநோய் கிளம்பியிருக்கிறது. பிடி-1 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் காசநோயில் சாதாரண எலிகளைவிட வேகமாகச் செத்தன. பிரேக் இல்லாத எதிர்ப்பு சக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

"கொரோனாவுக்கு ஒரு வருடத்தில் தடுப்பூசி வந்ததே, டிபிக்கு ஏன் நூறு வருடமாக ஒன்றும் வரவில்லை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிசிஜி வந்தது 1921-ல். குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து அது காக்கிறது, அதனால் கட்டாயம் போட வேண்டும். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்குமா? இதற்கான மிகப்பெரிய சோதனை நடந்தது நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். 1968-ல் தொடங்கி, சுமார் 2.6 லட்சம் பேரைச் சேர்த்து, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று முடிவு வந்தது. அந்தக் கிராமத்து மக்கள் உலகத்துக்குக் கொடுத்த விடை அது. அவர்களை நாம் நினைப்பதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கொரோனாவில் வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன் மறிக்கும் ஆன்டிபாடியை உண்டாக்கினால் பாதி வேலை முடிந்தது. காசநோய்க் கிருமி குடியிருப்பதே எதிர்ப்புச் செல்லுக்குள். எந்த வகை எதிர்ப்பு, எந்த இடத்தில், எவ்வளவு வேண்டும் என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. 2020-ல் ரீசஸ் குரங்குகளுக்கு பிசிஜியைத் தோலில் போடாமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். பத்துக் குரங்குகளில் ஒன்பது நன்றாகப் பாதுகாக்கப்பட்டன, ஆறில் கிருமித் தடயமே இல்லை. அதே தடுப்பூசிதான், போகும் வழி மட்டும் வேறு. மனிதர்களுக்கு அப்படியே செய்துவிட முடியாது என்றாலும், பாதுகாப்பு சாத்தியம் என்று காட்டியதே பெரிய விஷயம். எம்72 என்ற புதிய தடுப்பூசி, ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களில் நோய் வருவதைப் பாதியாகக் குறைத்தது. அதன் இறுதிக் கட்ட சோதனை 2024-ல் ஆப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது.

அப்புறம், சாப்பாடு. அளவு என்று பேசிவிட்டு இதை விட்டால் முழுமையாகாது. ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. காசநோயாளிகளின் வீட்டில் இருந்தவர்களுக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பட்டினியால் இறங்கிப்போன எதிர்ப்பு தன் இயல்பான இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. சத்துக் குறைவை நிரப்புவது மருத்துவம். வயிறார உண்பவர்களுக்கு எண்ணூறு ரூபாய் டப்பாவை விற்பது வியாபாரம். இரண்டையும் ஒன்றாக்கும் விளம்பரங்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். தமிழ்நாட்டில் 2022-லிருந்து நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்தவுடனேயே உடல் எடை, மூச்சு, தானாக நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இது மாதிரி எளிய வேலைதான் உயிரைக் காக்கிறது.

போன மாதம் ஒரு பெண் தன் தம்பியின் சளிப் பரிசோதனை முடிவை வாங்க வந்திருந்தார். பாசிட்டிவ். "அக்கா, அவனுக்கு இம்யூனிட்டி ஏத்துற மாதிரி எதாச்சும் நல்லதா வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். கையில் ஒரு விளம்பரத் துண்டு வேறு. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்கச் சொன்னேன். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, மாதாமாதம் எடை பார்க்க வேண்டும், வீட்டில் இருக்கும் எல்லோரும் பரிசோதனைக்கு வர வேண்டும், அரசு கொடுக்கும் மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகைக்கு வங்கிக் கணக்கு விவரம் தர வேண்டும் என்றும் சொன்னேன். அவர் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். மறுநாளே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் தடுப்பு ஊசி தொடங்கப் போகிறவர்கள், காசநோய்ச் சோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.