ரம் ஊற்றினால் அளவையும் மாற்றுங்கள்

ஜின், கசப்பு மதுவான காம்பாரி, மூலிகை சேர்த்த இனிப்பு ஒயினான ஸ்வீட் வெர்மூத் மூன்றையும் சம அளவில் கலக்கும் நெக்ரோனி காக்டெயிலில் ஜின்னுக்குப் பதில் டார்க் ரம் ஊற்றலாம் என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் அளவை மட்டும் பழையபடி 30, 30, 30 மில்லி என்றே விட்டுவிட்டீர்களே, அது சரிவராது. ஜின்னில் இனிப்பு கிடையாது, அதனால் சம அளவு தாங்கும். நம்மூர் டார்க் ரம்மில் வெனிலா, வெல்லப்பாகு வாசம் தூக்கல். ஸ்வீட் வெர்மூத்தும் சேர்ந்தால் காம்பாரியின் கசப்பு அமுங்கி இருமல் மருந்து மாதிரி ஆகிவிடும்.

நான் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். ரம் 45, காம்பாரி 30, வெர்மூத் 20 என்று வைத்த பிறகுதான் அந்தக் கசப்பு அடிநாக்கில் வந்து நின்றது. பெரிய ஐஸ் கட்டி போட்டு அரை நிமிஷம் கரண்டியால் கலக்கினால் போதும், குலுக்க வேண்டாம். நெல்லியாம்பதி ஆரஞ்சு கிடைக்கிற நாட்களில் தோலை கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்குவேன். எண்ணெய் புள்ளி புள்ளியாக மேலே மிதக்கும், வாசம் முதலில் மூக்குக்கு வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

ஜின்னுக்குப் பதில் விஸ்கி ஊற்றுவதும் புதுசில்லை. பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கியில் செய்தால் அதற்கு பூலவார்டியே என்று பெயர், 1920களிலேயே பாரிஸில் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கள்ளை ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாங்க. கள் வடித்த சரக்கு இல்லை. போதை பீர் அளவுதான், மரத்திலிருந்து இறக்கிய பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும். காம்பாரிக்கு முன்னால் நிற்காது.

இன்னொன்று, வெர்மூத் ஒயின் வகை. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். நான் அலமாரியில் வைத்து ஒரு பாட்டிலையே வீணாக்கியிருக்கிறேன்.